புதுசா ஆசிரியர் நியமனம் எடுத்து திருகோணமலைக்கு வாறீங்களா? முதல் வருசத்துக்கு ஒரு வழிகாட்டி

நியமனக் கடிதம் கைக்கு வந்த உடன ஆளாளுக்கு உங்களுக்கு சொல்லித்தாற விசயம் என்னெண்டு பாத்தா, எந்த பஸ்ஸில போறது, எங்க போர்டிங் எடுக்கிறது, எப்ப இடமாற்றம் கேக்கலாம், லோன் எந்த பாங்கில சுகமா எடுக்கலாம், இவ்வளவுதான். நீங்க படிப்பிச்சது பிள்ளைக்கு ஏறிச்சா இல்லையா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லித்தர மாட்டினம், ஏனெண்டா அது தவணைப் பரீட்சை வந்தா தெரியும்தானே எண்டு ஒரு நினைப்பு. தவணைப் பரீட்சை வரேக்க எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்.

நான் விஞ்ஞானப் பாடம். மூதூர்ப் பக்கமும் இருந்திருக்கிறன், டவுனிலயும் இருந்திருக்கிறன். புதுசா வாற தம்பி தங்கச்சிமார் ஆசிரியர் அறையில கேக்கிற கேள்விகளுக்கு துண்டு துண்டாச் சொல்லுறத ஒரு ஒழுங்கில எழுதி வைப்பம் எண்டுதான் இது. உங்கட பாடம் தமிழோ கணிதமோ வரலாறோ, அதுக்கேத்தமாதிரி மாத்திக்கொள்ளுங்க.

முதல் கிழமை: தாள் வேலையும் ஊர் பாக்கிறதும்

தாள் வேலைய முதல் முடிச்சிடுங்க. கடமையேற்ற கடிதத்தில ரெண்டு கொப்பி உங்கட கையில இருக்கட்டும், சான்றிதழ் எல்லாத்துக்கும் ஒரு ஃபைல் போட்டு வையுங்க, நேரசூசி கிடைச்ச உடன போனில ஒரு படம் எடுத்து வையுங்க. பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தேசிய கல்வி நிறுவகத்தின்ட வெப்சைட்டில இருக்கு, பாடப்புத்தகம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ட சைட்டில பிடிஎஃப்ஃபா இருக்கு, ரெண்டையும் போனில இறக்கி வையுங்க, பள்ளிக்கூடத்தில சிக்னல் இல்லாத இடங்கள் இன்னும் இருக்கு.

அதுக்குப் பிறகு ஊர். திருகோணமலை மாவட்டம் எண்டா ஒரே மாதிரி இல்ல. தம்பலகாமத்தில வயல், நிலாவெளி குச்சவெளிப் பக்கம் கடலும் ஹோட்டலும், மூதூர் ஈச்சிலம்பற்று வெருகல் பக்கம் வயலும் மாடும் மீனும் எல்லாம் கலந்து, டவுனுக்குள்ள அரச உத்தியோகமும் கடையும். தமிழ், முஸ்லிம், சிங்களம் எண்டு மூண்டு சனமும் பக்கத்துப் பக்கத்தில. 2009ல கிண்ணியாப் பாலம் திறக்கிறதுக்கு முதல் மூதூருக்குப் போற ஆக்கள் லோஞ்சில போகவேணும், இல்லாட்டி வழியில பாதை (ஆள் வாகனம் ஏத்தி ஆறு கடக்கிற தெப்பம்) ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகவேணும், அந்தக் காலத்து டீச்சர்மார் கதை சொன்னா ஒரு நாள் காணாது. இப்ப ஏ15 றோட்டால பஸ் நேரா ஓடுது, அதால மூதூர் எண்ட உடன முகத்தச் சுளிக்காதீங்க.

ஊரைப் பாக்கச் சொல்லுறது சும்மா சுத்திப்பாக்க இல்ல. உங்கட வகுப்பில யாரின்ட அப்பா கடலுக்குப் போறவர், யார் வெள்ளாமை வெட்டு நேரம் வராது, யாரை அம்மம்மா வளக்கிறா, யாரின்ட அம்மா வெளிநாட்டில, இது தெரியாம பிள்ளை ஏன் நித்திரை தூங்குது எண்டு உங்களுக்கு விளங்காது. சிவராத்திரி முடிஞ்சு கோணேசர் நகர்வலம் வாற நாளில டவுன் பள்ளிக்கூடத்தில புது அலகு தொடங்காதீங்க, வெருகல் திருவிழா நேரம் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களும் அப்பிடித்தான். இதெல்லாம் இடாப்புக் கூப்பிடேக்க தானா விளங்கும், ஆனா முதலே தெரிஞ்சிருந்தா நல்லது.

தொடங்க முதல் கேளுங்க

இதுதான் நான் சொல்ல வந்த விசயத்தில பெரிய விசயம், அதால இதில கொஞ்சம் நேரம் எடுக்கிறன்.

டேவிட் ஓசுபெல் எண்டு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1960களில அர்த்தமுள்ள கற்றல் எண்டத விளக்கினவர். அவர் சொன்னதின்ட சாரம் என்னெண்டா, புது விசயம் மனசில நிக்கிறதும் நிக்காததும் பிள்ளைக்கு ஏற்கனவே என்ன தெரியும் எண்டதிலதான் தங்கியிருக்கு, பழசோட புதுசு கொளுவினா நிக்கும், கொளுவாட்டி பாடமாக்கி எழுதிப்போட்டு மறந்திடும். இதக் கல்வியியற் கல்லூரியிலயோ கம்பஸிலயோ நீங்களும் படிச்சிருப்பீங்க, சோதினைக்கு எழுதியிருப்பீங்க. வகுப்பில அத எப்பிடிச் செய்யிறது எண்டதுதான் கேள்வி.

ஒரு அலகு தொடங்கிறதுக்கு முதல் நாள், கடைசிப் பத்து நிமிசத்தில பிள்ளையளுக்கு அரைத்தாள் குடுத்து ரெண்டு கேள்வி மட்டும் கேளுங்க. புள்ளி இல்ல, பிழை சரி இல்ல, நீ என்ன நினைக்கிறாய் எண்டு எழுது, அவ்வளவுதான்.

வெப்பம் படிப்பிக்க முதல் நான் கேக்கிற கேள்வி, கன்னியாவில தண்ணி ஏன் சுடுகுது? திருகோணமலைப் பிள்ளை எண்டா கன்னியா வெந்நீர்க் கிணறுகளில ஒருக்காவாவது குளிச்சிருக்கும், இல்லாட்டி அந்தியேட்டிக்கு, அதாவது செத்தவருக்குச் செய்யிற கிரியைக்கு, போன ஆக்களோட போய் நிண்டிருக்கும். வாற பதில் அனேகமா மூண்டு வகை. ஒண்டு, இராவணன் தாயின்ட கிரியைக்காக நிலத்தில குத்தினதால வந்தது. ரெண்டாவது, கீழ எரிமலை இருக்கு. மூண்டாவது, வெயிலுக்குச் சூடாகுது. எப்பயாவது ஒரு பிள்ளை கந்தகம் எண்டு எழுதும், அது யாரோ மாமா சொன்னது.

இந்த மூண்டையும் எப்பிடிக் கையாளுறது எண்டதிலதான் நீங்க எப்பிடிப்பட்ட ஆசிரியர் எண்டது தெரியும். இராவணன் கதையச் சிரிக்காதீங்க, அது இந்த மண்ணின்ட கதை, பிள்ளையின்ட வீட்டில சொல்லுற கதை, அத அப்பிடியே வைச்சுக்கொண்டு "சரி, இராவணன் குத்தின இடத்தில இண்டைக்கும் சூடு குறையாம வருதே, அந்தச் சூடு எங்க இருந்து வருது?" எண்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். வெயில் எண்டு சொன்ன பிள்ளைட்ட, அப்ப பக்கத்தில இருக்கிற சாதாரணக் கிணறு ஏன் சுடேல்ல எண்டு கேட்டாக் காணும், அவனே யோசிப்பான். எரிமலை எண்ட பதில்தான் கஷ்டம், ஏனெண்டா அது விஞ்ஞானம் மாதிரித் தெரியும், கெட்டிக்காரப் பிள்ளையள்தான் அத எழுதுங்கள். இலங்கையில எரிமலை இல்ல. மழைத்தண்ணி பாறை வெடிப்புகளால ஆழத்துக்கு இறங்குது, பூமிக்குள்ள ஆழத்துக்குப் போகப் போக பாறையின்ட சூடு கூடுது, அந்தச் சூட்ட வாங்கிக்கொண்டு தண்ணி திருப்பி மேல வருது, அதுக்கு எரிமலை தேவையில்ல. இத நீங்க நேரா போர்டில எழுதினா பிள்ளையள் கொப்பியில எழுதிக்கொள்ளுவினம், எரிமலையும் மனசில அப்பிடியே இருக்கும். எரிமலை எண்ட பதில வெளியில எடுத்து வைச்சு, அப்ப லாவா எங்க, எரிமலைப் பாறை எங்க எண்டு பிள்ளையளோட சண்டை பிடிச்சுத்தான் அத அசைக்கலாம்.

அரைத்தாள் கேள்வி இல்லாட்டி அந்த எரிமலை உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. அதுக்குத்தான் கேக்கச் சொல்லுறன். ஏழு கிணத்திலயும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம், வெப்பமானி ஒண்டு கொண்டு போகக் கிடைச்சா அளந்து வரைபு கீறலாம், கணித டீச்சரையும் கூட்டிக்கொண்டு போங்க.

பாடம் திட்டமிடுறது

2007 மறுசீரமைப்போட வந்த தேர்ச்சி மையக் கலைத்திட்டத்தில ஃபைவ் ஈ எண்டு ஒரு முறை வந்தது, அமெரிக்காவில 1980களில விஞ்ஞானப் பாடத்துக்கெண்டு உருவாக்கினது, முதல் பிள்ளைய ஈடுபடுத்து, பிறகு தேடவிடு, விளக்கு, விரிவாக்கு, கடைசியா மதிப்பிடு. பாடக்குறிப்பில இந்த அஞ்சையும் அழகா எழுதி ஒப்பம் வாங்கலாம், ஆனா ஒரு பாடவேளையில இடாப்பு முடிஞ்சு, பிந்தி வந்த பிள்ளைய இருத்தி, கொப்பி எடுக்கச் சொல்லி முடியேக்க கையில இருக்கிறது முப்பது நிமிசம் கூட இல்ல. என்ட அபிப்பிராயம், அஞ்சையும் ஒரு பாடவேளைக்குள்ள திணிக்காதீங்க, ரெண்டு மூண்டு பாடவேளைக்குப் பிரிச்சுப் போடுங்க. தேடவிடுறத மட்டும் வெட்டாதீங்க. நேரம் போகுது எண்டு எல்லாரும் முதல் வெட்டுறது அதைத்தான், வெட்டினா மிச்சம் இருக்கிறது பழைய மாதிரி சொல்லிக்குடுக்கிறது மட்டும்தான்.

சாமான் இல்ல எண்டு ஆய்வுகூடத்தப் பாத்துக் கவலைப்படாதீங்க. கலவைகளை வேறாக்கல் படிப்பிக்க புல்மோட்டை மண் ஒரு போத்தல் காணும். அங்க கடற்கரை மண்ணில இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் எல்லாம் கலந்து கிடக்கு, அரச கம்பனி அத ஃபக்டரியில பிரிச்சு ஏற்றுமதி செய்யுது, அதில ஒரு படிமுறை காந்தத்தால பிரிக்கிறது. நல்ல பலமான காந்தம் ஒண்டைக் கடதாசியில சுத்தி அந்தக் கறுப்பு மண்ணுக்குள்ள விட்டா கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், பிள்ளையளின்ட முகத்தப் பாருங்க அப்ப. ஆவியாக்கலுக்கு உப்பளம், சதவீதத்துக்கு மீன் ஏலம், எல்லாம் பிள்ளையின்ட வீட்டு வாசலில கிடக்கு.

ஆனா ஒண்டு. ஊர் உதாரணம் எண்டா உடன அது நல்ல பாடம் எண்டில்ல. மீன் ஏலத்த வைச்சு சதவீதம் படிப்பிச்சா, பிள்ளையள் நல்லாக் கதைக்குங்கள், கூட்டாளிட அப்பா எத்தனை கிலோ பிடிச்சவர், ஐஸ் என்ன விலை எண்டு வகுப்பு களை கட்டும், மணியடிக்கும், எல்லாருக்கும் சந்தோசம். அடுத்த நாள் உடுப்புக் கடை விலைக்கழிவுக் கணக்கு ஒண்டைக் குடுத்தா பாதிப் பேருக்கு ஏலாது. மீன் நிண்டிட்டு, சதவீதம் போயிட்டு. அதால உதாரணம் குடுத்த பிறகு, அந்த உதாரணத்த எடுத்துப்போட்டு வேற ஒரு இடத்தில அதே கணக்கக் குடுங்க. அதில செய்தாத்தான் விளங்கியிருக்கு எண்டு அர்த்தம்.

"விளங்கிச்சா?" எண்டு கேக்காதீங்க

கேட்டா "ஓம் சேர்ர்ர்" எண்டு முழு வகுப்பும் ஒரு ராகத்தில பாடும். அதால உங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்காது. விளங்காத பிள்ளைதான் சில நேரம் சத்தமாச் சொல்லும்.

அதுக்குப் பதிலா கேள்வியக் கேட்டுட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்க. மேரி பட் றோ எண்டவ 1970களில வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பாத்ததில, ஆசிரியர்மார் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செக்கன்தான் பொறுக்கினம், பிறகு தாங்களே பதில் சொல்லினம் இல்லாட்டி அடுத்த பிள்ளையக் கேக்கினம். மூண்டு செக்கனும் அதுக்கு மேலயும் பொறுத்தா பதில் நீளுது, கூடப் பிள்ளையள் வாய் திறக்குதுகள். மூண்டு செக்கன் எண்டா என்ன பெரிய விசயம் எண்டு நினைப்பீங்க, நாப்பது கண் உங்களப் பாத்துக்கொண்டிருக்கேக்க மூண்டு செக்கன் சும்மா நிண்டு பாருங்க, தெரியும்.

கேள்விய முதல் கேளுங்க, பெயரைப் பிறகு சொல்லுங்க. பெயரை முதல் சொன்னா மற்ற எல்லாரும் அந்த நிமிசமே லீவு எடுத்திடுவினம். கடைசி வாங்கில இருக்கிற கதைக்காத பிள்ளைட்ட நேரா கேக்காம, பக்கத்துப் பிள்ளையோட ஒரு நிமிசம் கதைக்க விட்டுட்டு "நீங்க ரெண்டு பேரும் என்ன முடிவெடுத்தீங்க" எண்டு கேட்டா அது பதில் சொல்லும், ஏனெண்டா பிழைச்சாலும் ரெண்டு பேருக்கும்தானே பிழைக்குது.

கொப்பி திருத்திறது

புது ஆசிரியர்மார் செத்துப் போற இடம் இது. அஞ்சு வகுப்பு, வகுப்புக்கு முப்பத்தஞ்சு நாப்பது கொப்பி, எல்லாத்திலயும் சிவப்புப் பேனையால சரி போட்டு ஒப்பம் வைச்சு போர்டிங்குக்குச் சுமந்து கொண்டு போறது. அந்தச் சரிய ஒரு பிள்ளையும் பாக்கிறதில்ல, மேற்பார்வைக்கு வாற ஆக்கள்தான் பாப்பினம். அவைக்காக கொஞ்சம் செய்யத்தான் வேணும், அதுக்கு ஒண்டும் செய்ய ஏலாது.

ரூத் பட்லர் எண்டவ இஸ்ரேலில செய்து 1988ல வெளியிட்ட ஆய்வு ஒண்டு இருக்கு. சில பிள்ளையளுக்குப் புள்ளி மட்டும், சிலருக்கு எங்க திருத்தலாம் எண்ட குறிப்பு மட்டும், சிலருக்கு ரெண்டும். குறிப்பு மட்டும் கிடைச்ச பிள்ளையள்தான் முன்னேறினது. ரெண்டும் கிடைச்ச பிள்ளையள் புள்ளி மட்டும் கிடைச்ச ஆக்கள் மாதிரித்தான், ஏனெண்டா புள்ளியக் கண்ட உடன குறிப்ப யார் வாசிக்கிறது? பக்கத்துப் பிள்ளைக்கு எத்தனை எண்டுதான் எட்டிப் பாக்கும்.

எல்லாக் கொப்பியிலயும் குறிப்பு எழுத மனுசரால ஏலாது. அதால பாடம் முடியிற நேரம் ஒரு துண்டுத்தாளில ஒரே ஒரு கேள்வி. வாங்கி ஆசிரியர் அறையில வைச்சு மூண்டு கும்பலாப் பிரியுங்க, விளங்கினது, அரைகுறை, விளங்காதது. பெரிய நேரம் போகாது. அரைகுறைக் கும்பலத்தான் வடிவா வாசிக்கவேணும், பிள்ளை எந்த இடத்தில திரும்பிப் போச்சு எண்டது அதிலதான் இருக்கு. அதில ஒரு நல்ல பிழைய எடுத்து, பெயர் சொல்லாம, அடுத்த நாள் போர்டில எழுதி "இப்பிடி ஒரு பதில் வந்திருக்கு, இதில எது சரி, எது பிழை?" எண்டு தொடங்குங்க. உண்மையச் சொல்லப்போனா நான் போன செமினார்கள் எல்லாத்தையும் விட இந்த அரைகுறைக் கும்பல்தான் எனக்குப் படிப்பிக்கப் பழக்கினது.

மறக்கிறத எதிர்பாருங்க

போன கிழமை படிப்பிச்சத பிள்ளை மறந்திட்டு எண்டு கோவப்படாதீங்க. எபிங்ஹவுஸ் எண்ட ஜெர்மன்காரர் தன்னையே வைச்சுப் பரிசோதிச்சு 1885லயே எழுதிப்போட்டார், படிச்ச உடனதான் மறதி வேகமா நடக்குது எண்டு. 2006ல ரோடிகர், கார்பிக் எண்ட ரெண்டு பேர் செய்த ஆய்வில, திருப்பி வாசிச்ச ஆக்கள் அஞ்சு நிமிசத்துக்குப் பிறகு நல்லாச் செய்தினம், ஒரு கிழமைக்குப் பிறகு பாத்தா புத்தகத்த மூடிவைச்சு ஞாபகப்படுத்தி எழுதின ஆக்கள்தான் மேல. சோதினைக்கு முதல் நாள் ராத்திரி ரியூசனில வைச்சு ஓட்டுறது ஏன் நல்லாப் படிச்ச மாதிரி இருக்கு, ஏன் பிறகு ஒண்டும் மிஞ்சேல்ல எண்டதுக்கு விளக்கம் இதிலயே இருக்கு.

செய்ய வேண்டியது சின்னது. ஒவ்வொரு பாடவேளையும் கொப்பியத் திறக்க முதல், நேற்றையதில ஒரு கேள்வி, போன மாசத்ததில ஒரு கேள்வி, பின்பக்கத்தில எழுது. பிறகு தானே திருத்திக்கொள்ளட்டும். புள்ளி பதியாதீங்க, பதிஞ்சா பிள்ளையள் பாத்து எழுதத் தொடங்கிடுவினம்.

உங்களுக்கெண்டு ஒரு கொப்பி, ஒரு கூட்டாளி

பாடக்குறிப்புப் புத்தகம் அதிபருக்கு. அதுக்கு வெளிய சின்னக் கொப்பி ஒண்டு உங்களுக்கு. பெரிசா எழுதத் தேவையில்ல, இண்டைக்கு எந்தக் கேள்விக்கு வகுப்பு முழிச்சது, எந்தப் பிள்ளை எதிர்பாராத ஒண்டைச் சொன்னது, அடுத்த வருசம் இத எப்பிடித் தொடங்குவன், இப்பிடி ரெண்டு வரி. அடுத்த வருசம் அதே அலகுக்கு வரேக்க அதின்ட பெறுமதி தெரியும்.

தனிய இருந்து வளர ஏலாது. ஜப்பானில ஆசிரியர்மார் சேர்ந்து ஒரு பாடத்தத் திட்டமிட்டு, ஒருத்தர் படிப்பிக்க மற்றவை பின்னால இருந்து பிள்ளையளப் பாத்து, பிறகு இருந்து கதைக்கிற வழக்கம் ஒண்டு பல காலமா இருக்கு. எங்கட இடத்தில மற்ற ஆளின்ட வகுப்புக்குள்ள போறது எண்டா கொஞ்சம் சங்கடம், அதிபர் அனுப்பினவரோ எண்டு சீனியர் டீச்சர் யோசிப்பா. அதால கேக்கிற விதம் முக்கியம். "அக்கா, என்ட ஆண்டு எட்டுப் பிள்ளையள் உங்கட பாடத்தில நல்லாக் கதைக்குதுகளாம், என்ட பாடத்தில வாயே திறக்கிறதில்ல, ஒருக்கா பின்னால இருந்து பிள்ளையளப் பாக்கட்டா?" எண்டு கேட்டுப் பாருங்க, மாட்டன் எண்டு சொல்லுறது குறைவு. போய் இருந்தா அக்காவப் பாக்காதீங்க, மூண்டு பிள்ளையத் தெரிஞ்செடுத்து அதுகள் என்ன செய்யுது எண்டு மட்டும் பாருங்க. பிறகு அவவ உங்கட வகுப்புக்கும் கூப்பிடுங்க.

வலயத்தில இருந்து வாற ஆசிரிய ஆலோசகரக் கண்டா ஃபைல் ஒழுங்குபடுத்திறதோட நிக்காம ஒரு குறிப்பான கேள்வி வைச்சிருங்க. "எப்பிடி சேர் படிப்பிக்கிறது" எண்டா அவர் பொதுவா ஏதோ சொல்லிட்டுப் போவார். "இந்தத் துண்டுத்தாளப் பாருங்க, பதினெட்டுப் பேர் ஒரே பிழைய விட்டிருக்குதுகள், ஏன்?" எண்டு நீட்டினா அவரும் கதிரைய இழுத்துப்போட்டு இருப்பார்.

பேப்பர் தகுதிகள்

வினைத்திறன் காண் தடைதாண்டல், அரசகரும மொழித் தேர்ச்சி, இதெல்லாம் பிந்தவிடாதீங்க, பிந்தினா பதவி உயர்வும் சம்பள ஏற்றமும் பிந்தும். சிங்களம் படிக்கிறது இந்த மாவட்டத்தில வெறும் பேப்பருக்கு மட்டுமில்ல, பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியரோட கதைக்கவும் உதவும். பட்டதாரியா நேரா வந்தவை பட்டப்பின் கல்வி டிப்ளோமாவச் செய்துபோடுங்க, திறந்த பல்கலைக்கழகத்தில தமிழிலயும் இருக்கு. அதில கற்பித்தல் பயிற்சி எண்டு வாற பகுதிய எப்பிடியாவது முடிச்சாச் சரி எண்டு தள்ளாதீங்க, ஒரு விரிவுரையாளர் வந்து உங்கட வகுப்பில இருந்து பாத்து உங்களோட கதைக்கிற சந்தர்ப்பம் பிறகு லேசில கிடைக்காது. செமினார் சான்றிதழ் சேக்கிறதப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்ல. போங்க, ஆனா வந்து ஒரு விசயத்தையாவது அடுத்த கிழமை வகுப்பில செய்து பாக்காட்டி, குடுத்த லஞ்ச் பார்சல்தான் லாபம்.

எல்லாத்தையும் ஒண்டாத் தொடங்க ஏலாது, தொடங்கினா ரெண்டாம் கிழமையே விட்டிடுவீங்க. உங்களுக்குக் கஷ்டமில்லாத ஒரு வகுப்ப எடுங்க, வகுப்பாசிரியரா இருந்தா உங்கட வகுப்பே நல்லது, திங்கக்கிழமையில இருந்து கடைசி அஞ்சு நிமிசத் துண்டுத்தாள் மட்டும் செய்யுங்க, மற்ற வகுப்புகளில வழமை மாதிரியே போகட்டும். ஒரு தவணை ஓடின பிறகு ரெண்டாவது வகுப்பு. தாளுக்குக் காசு செலவழிக்காதீங்க, மிஞ்சின பழைய தவணைப் பரீட்சைத் தாள் அலுவலக அலுமாரியில கட்டுக் கட்டாக் கிடக்கும், கிளார்க் அக்காட்டக் கேட்டா தருவா, பின்பக்கம் வெறுமையான தாளாப் பாத்து எடுத்து நாலா வெட்டி றப்பர் பாண்ட் போட்டு மேசை லாச்சியில வையுங்க.